காப்புறுதிக் கம்பனி 'இல்லை' என்றால் எங்கே போவது? கல்முனையிலிருந்து ஓர் ஒப்பீடு

2024 நவம்பர் கடைசி வாரத்து மழையை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கல்முனையில் என் மச்சானின் துணிக்கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சியத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மருதமுனைச் சாறன், கைத்தறிச் சேலை, படுக்கை விரிப்பு என்று அடுக்கி வைத்திருந்ததில் கீழ்த்தட்டு முழுக்கப் போய்விட்டது. தண்ணீர் வற்றிய பிறகு நானும் அவருமாக உட்கார்ந்து எண்ணினோம். நாற்பது இலட்சம் நட்டம். "பரவாயில்லை, காப்புறுதி இருக்குத்தானே" என்றார். மூன்று மாதம் கழித்துக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது: 10 இலட்சத்து 80 ஆயிரம் தருகிறோம், கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

அன்று இரவே மச்சான் "வழக்குப் போடுவம்" என்று எழும்பிவிட்டார். நான்தான் ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடை, ஆலை, விடுதி என்று சில பேருக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்தச் சண்டைகளை நாலைந்து தடவை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன், தாள்களைச் சுமந்துகொண்டு கூடவே அலைந்தும் இருக்கிறேன். எந்த வழி யாருக்குப் பொருந்தும், எதற்கு எவ்வளவு செலவு, எது நம்மைக் களைப்பாக்கிவிட்டுக் கைவிடும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எந்த வழி என்று தேர்வதற்கு முன் கம்பனி சொன்ன 'இல்லை' என்ன வகை என்று பாருங்கள். "நட்டம் நீங்கள் சொல்லுகிற அளவு இல்லை" என்பது ஒரு வகை, அது தொகைச் சண்டை. "இந்த நட்டத்துக்கு நாங்கள் பொறுப்பே இல்லை, நிபந்தனையை மீறிவிட்டீர்கள்" என்பது இன்னொரு வகை, அது பொறுப்புச் சண்டை. மூன்றாவது வகை வாயே திறக்காமல் "பார்க்கிறோம், கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தொகைச் சண்டைக்கு நீதிமன்றம் போனவர்கள் பெரும்பாலும் பணத்தையும் வருடங்களையும் தொலைத்திருக்கிறார்கள். பொறுப்புச் சண்டையில் கிளை முகாமையாளரை நம்பிக் காத்திருந்தவர்கள் உரிமையையே தொலைத்திருக்கிறார்கள்.

மச்சானுடையது தொகைச் சண்டை. சரி, எவ்வளவு தொகைக்கு? அவர் மனதில் நாற்பது இலட்சத்துக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் உள்ள இடைவெளி, கிட்டத்தட்ட முப்பது இலட்சம். உண்மை அதுவல்ல. களஞ்சியத்தில் அன்று இருந்த சரக்கின் பெறுமதி ஒரு கோடியே அறுபது இலட்சம். காப்புறுதி செய்திருந்தது எண்பது இலட்சத்துக்கு. கட்டுப்பணத்தைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தொகையை ஏற்றாமல் விட்டிருந்தார். பாதிக்குத்தான் காப்புறுதி இருக்கிறது என்றால் நட்டத்திலும் பாதியைத்தான் கம்பனி தரும். சரக்கு முழுக்க அழியாவிட்டாலும், நட்டம் எண்பது இலட்சத்துக்குள்ளேயே இருந்தாலும் அப்படித்தான். இதைச் சராசரி விதி என்பார்கள். தீக்காப்புறுதிப் பத்திரங்களில் இது வழமையாக இருக்கும் விதி (மச்சானின் வெள்ளக் காப்பும் அப்படியொரு பத்திரத்தில் சேர்ந்ததுதான்), யாரும் வாசிப்பதில்லை. ஆக நாற்பது இருபதாகிவிடுகிறது. வெள்ளத்துக்குப் பத்து வீதம் நாமே ஏற்க வேண்டும் என்று அவருடைய பத்திரத்தில் இருந்தது. அதில் இரண்டு போனால் பதினெட்டு.

அதாவது அவர் சொன்னது எல்லாம் சரி என்று உச்ச நீதிமன்றமே சொன்னாலும் அவருக்குக் கிடைக்கப்போவது பதினெட்டு இலட்சம். கம்பனி தருவதாகச் சொன்னது 10.8. சண்டை 7 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் புதுப்பிக்கும்போது தொகையை ஏற்றச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம்.

கம்பனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்வதை நம்மவர்கள் பலர் மதிப்பதில்லை. "மறுத்தவனிடமே திரும்பப் போய்க் கேட்பதா" என்பார்கள். ஆனால் தொகைச் சண்டையில் முதல் படி இதுதான், காசு செலவில்லாததும் இதுதான். போகிற விதம்தான் முக்கியம். கிளைக்குப் போய்ச் சத்தம் போடுவது மேல்முறையீடு ஆகாது. நட்டத்தை அளக்க வந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையில் எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மச்சானுக்கு வந்த விளக்கம் இதுதான்: நட்டம் நாற்பது அல்ல, இருபத்து நான்கு; அதில் பாதி பன்னிரண்டு; பத்து வீதம் போக 10.8. ஏன் இருபத்து நான்கு? இரண்டு காரணம் சொன்னார்கள். நெசவாளர்களிடம் காசுக்கு வாங்கிய சரக்குக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பது ஒன்று. நனைந்த துணியைக் கழுவிக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்பது மற்றது.

இரண்டுக்கும் பதில் இருந்தது. மருதமுனையில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்களிடம் பில் புத்தகம் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் அவர்களின் கொப்பி இருக்கிறது, யாருக்கு எத்தனை சாறன் எந்தத் திகதியில் கொடுத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேரின் கொப்பிகளைப் பிரதி எடுத்து, அதே திகதிகளில் மச்சானின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்ததைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவரிடமும் கையொப்பக் கடிதம் வாங்கினோம். துணிக்கு, சாயம் ஒன்றோடொன்று கலந்து பூஞ்சணம் பிடித்த கட்டுகளைத் திகதியோடு படம் எடுத்து வைத்திருந்தோம். ஒரு கட்டை அப்படியே மூட்டை கட்டி வைத்திருந்ததும் உதவியது. எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் தலைமையகத்துக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளர் இரண்டாம் தடவை வந்து பார்த்தார். நட்டத்தை முப்பத்தாறு இலட்சம் என்று மாற்றினார்கள். பாதி பதினெட்டு, பத்து வீதம் போக 16 இலட்சத்து 20 ஆயிரம். மிச்சம் இருந்த சண்டை 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு. அதற்கு மேலே போக வேண்டாம் என்று நான் சொன்னேன், மச்சானும் கேட்டுக்கொண்டார். சட்டத்தரணிக் கட்டணமே அதைத் தின்றுவிடும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கிக் கடனுக்கு மாதாமாதம் சரக்கு இருப்பு அறிக்கை கொடுப்பவர்கள் கவனமாக இருங்கள். வங்கிக்கு ஒரு கணக்கு, வருமான வரிக்கு ஒரு கணக்கு, கம்பனிக்கு ஒரு கணக்கு என்று இருந்தால் மேல்முறையீடு அந்த இடத்திலேயே செத்துவிடும். மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது வங்கிக்குக் கொடுத்த அறிக்கையைத்தான்.

உள்ளே முடியாவிட்டால் அடுத்தது ஒம்புட்ஸ்மனா (முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்மானிக்கும் நடுவர்), ஆணைக்குழுவா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. காப்புறுதி ஒம்புட்ஸ்மன் திட்டம் காப்புறுதித் துறை தானே சேர்ந்து 2005இல் ஏற்படுத்தியது. காப்புறுதிதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டு அதன் முடிவைப் பெற்றிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் போட்ட விடயத்தை எடுக்க மாட்டார்கள். அதன் பெரிய நன்மை, ஒம்புட்ஸ்மனின் தீர்மானம் கம்பனியைக் கட்டும், உங்களைக் கட்டாது. பிடிக்காவிட்டால் நீங்கள் அதை விட்டு நீதிமன்றம் போகலாம். நேரே கொழும்புக்குப் போகாமல் கடிதத்திலேயே பெரும்பகுதி வேலை முடிகிறது என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வேறு. அது அரச அமைப்பு, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. முன்பு காப்புறுதிச் சபை என்று இருந்து 2017இல் பெயர் மாறியது. கம்பனிகளின் பதிவு அதன் கையில். ஆகவே அங்கிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனால் கம்பனியில் உங்கள் கோப்பு மேசைக்கு மேலே வரும். என் அனுபவத்தில் மூன்றாவது வகை 'இல்லை'க்கு, அதாவது பதிலே தராமல் இழுப்பதற்கு, இதுதான் நல்ல மருந்து. மட்டக்களப்பில் ஒரு மருந்தகக்காரருக்கு ஏழு மாதம் வராத பதில் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போட்ட பிறகு ஒரு மாதத்துக்குள் வந்தது. பதில் 'இல்லை' என்றுதான் வந்தது. ஆனாலும் அந்த 'இல்லை' அவருக்குத் தேவைப்பட்டது. அது கையில் இருந்தால்தான் அடுத்த கதவைத் தட்டலாம்.

தொகை, சின்னத் தவறு, இழுத்தடிப்பு என்றால் இந்த இரண்டில் ஒன்று போதும். சாட்சிகளைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தால்தான் உண்மை தெரியும் என்ற நிலை இருந்தால் இரண்டும் போதாது. தீ எப்படிப் பிடித்தது என்பது போன்ற கேள்வியைக் கடிதங்களை வைத்துத் தீர்க்க முடியாது.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நடந்தது அப்படியானதுதான். இரவில் நெல் களஞ்சியத்தில் தீ. மின்சாரக் கம்பியில் ஏற்பட்ட கோளாறு என்று பொலிஸ் அறிக்கையும் வந்தது. கம்பனி முழுக்க மறுத்துவிட்டது. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு வருடாந்தப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகி நாலு மாதம் என்பது காரணம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி கொதிகலனைப் பரிசோதித்திருக்க வேண்டும், அதைச் செய்யாதது பத்திரத்தின் நிபந்தனை மீறல் என்றார்கள். ஆலைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: "கொதிகலன் இருந்தது முன்னுக்கு, தீப்பிடித்தது பின்னுக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இதற்கு மத்தியஸ்தமா, நீதிமன்றமா என்பதுதான் அவர் முன்னால் இருந்த தேர்வு. இங்கே சொல் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஊரில் மத்தியஸ்த சபை என்று சொல்வது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது, சின்னத் தொகைகளுக்குச் சமரசம் பேசி வைக்கிற இடம். காப்புறுதிப் பத்திரத்தில் வருவது நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பாளர்களை வைத்துத் தீர்த்துக்கொள்வது, 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது. இரண்டும் வேறு. மத்தியஸ்த சபையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் எல்லைக்குள் அடங்கும் சின்னத் தொகை என்றால் வழக்குப் போட முன் அங்கே போய் இணக்கமின்மைச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். கம்பனி சார்பில் வருகிற கிளை அலுவலருக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் இருப்பது அபூர்வம்.

நடுத்தீர்ப்பு அப்படியல்ல. தீர்ப்பு வந்தால் அது முடிந்த தீர்ப்பு. சரி பிழை பார்த்து மேன்முறையீடு செய்ய முடியாது, சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக 60 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தில் தள்ளுபடி கேட்கலாம், அவ்வளவுதான். வேகமானது, இரகசியமானது, விடயம் தெரிந்தவர்கள் தீர்ப்பார்கள் என்பார்கள். அதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் தீர்ப்பாளர்களின் கட்டணம் நம் தலையில். எத்தனை பேர் என்று உடன்படிக்கையில் எழுதாவிட்டால் சட்டப்படி மூன்று பேர். நீதிபதிக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை, இவர்களுக்கு ஒவ்வோர் அமர்வுக்கும் கொடுக்க வேண்டும். அமர்வும் பெரும்பாலும் கொழும்பில். ஆலைக்காரர் ஒவ்வொரு தடவையும் சாட்சிகளை ஏற்றிக்கொண்டு இரவு பஸ்ஸில் போய், அங்கே தங்கி, திரும்பி வர வேண்டும். கோடிக்கணக்கில் சண்டை என்றால் அது தாங்கும். இருபது முப்பது இலட்சத்துக்குத் தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் முக்கியமானது, உங்கள் பத்திரத்தில் நடுத்தீர்ப்பு நிபந்தனை எதற்கு என்று வாசியுங்கள். பல தீக்காப்புறுதிப் பத்திரங்களில் அது தொகை பற்றிய வேறுபாட்டுக்கு மட்டும்தான். கம்பனி பொறுப்பையே மறுத்தால் அந்த நிபந்தனை வேலை செய்யாது, நேரே நீதிமன்றம் போகலாம். எல்லா வேறுபாட்டுக்கும் நடுத்தீர்ப்பு என்று எழுதியிருந்தால், நீங்கள் வழக்குப் போட்டாலும் கம்பனி ஆட்சேபித்தால் நீதிமன்றம் அதை எடுக்க முடியாது. ஆலைக்காரரின் பத்திரம் முதல் வகை. ஆகவே மாவட்ட நீதிமன்றம்.

மாவட்ட நீதிமன்றம் என்றதும் கொழும்பில்தானே போட வேண்டும் என்று அவர் பயந்தார். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு எதிராளி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்திலும், வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் போடலாம். இங்கே போட்டால் சாட்சிகள் பக்கத்தில், வழக்கு தமிழில், சட்டத்தரணியும் ஊர்க்காரர். பத்திரம் மட்டும் ஆங்கிலத்தில். செலவு நடுத்தீர்ப்பைவிடக் குறைவு. காலம்தான் பெரிய விலை. தீர்ப்பு வர வருடங்கள் போகும், அதற்குப் பிறகு குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம், அனுமதி கிடைத்தால் உச்ச நீதிமன்றம். அதுவரை ஆலையை ஓட்ட வேறு பணம் இருக்கிறதா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொண்டுதான் இந்த வழியை எடுக்க வேண்டும்.

சட்டத்தில் அவர் நிலை எப்படி? இங்கேதான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். நம் நாட்டில் தீக்காப்புறுதிக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் உரிய சட்டம் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதை உள்ளே கொண்டுவந்தது. பழைய ஆங்கிலச் சட்டத்தில், உத்தரவாத நிபந்தனையை, அதாவது கட்டாயம் கடைப்பிடிப்பேன் என்று பத்திரத்தில் வாக்குக் கொடுத்ததை, மீறினால் நட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்றே பார்க்க மாட்டார்கள், கம்பனி விடுபட்டுவிடும். இங்கிலாந்து 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் கடுமையைக் குறைத்துவிட்டது. நடந்த விதத்தில் நட்டம் நேரும் ஆபத்தை அந்த மீறல் கூட்டியிருக்கவே முடியாது என்று காட்டினால் அதைச் சொல்லிக் கம்பனி தப்ப முடியாது. நம்முடைய 3ஆம் பிரிவு, அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன சட்டமோ அது என்கிற மாதிரித்தான் பேசுகிறது. ஆலைக்காரரின் சட்டத்தரணி இதைத்தான் வாதமாக வைத்திருக்கிறார். கூடவே, விதிவிலக்கைச் சொல்லித் தப்புகிற கம்பனிதான் அந்த விதிவிலக்கை நிரூபிக்க வேண்டும் என்பதும், பத்திரத்தில் இரு பொருள்பட எழுதியிருந்தால் எழுதிய கம்பனிக்கு எதிராகவே வாசிக்க வேண்டும் என்பதும் நமக்குச் சாதகமானவை.

பாதகமானதையும் சொல்ல வேண்டும். காப்புறுதி கேட்டுக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்ப நாம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் பொறுப்புச் சண்டையில் நம்மை அதிகம் கொல்கிறது. "நான் முகவரிடம் சொன்னேனே" என்பது போதாது. 1929இல் இங்கிலாந்தில் நியூஸ்ஹோம் சகோதரர்கள் வழக்கில் இதுதான் நடந்தது. பஸ் உரிமையாளர்கள் முகவரிடம் உண்மையைச் சொன்னார்கள், முகவர் படிவத்தில் பிழையாக எழுதினார், கையெழுத்திட்டவர்கள்தான் தோற்றார்கள். முகவர் நம் தெருக்காரராக, நம் கல்யாணத்துக்கு வந்தவராக இருந்தாலும் நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

காலத்தைப் பற்றி இனியும் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் பின்னால் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம் உண்டு. அதை நம்பி ஆலைக்காரர் பத்து மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய பத்திரத்தில் நட்டம் நடந்து 12 மாதத்துக்குள் வழக்கோ நடுத்தீர்ப்போ தொடங்காவிட்டால் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. பல தீக்காப்புறுதிப் பத்திரங்களில் அப்படியொரு வரி இருக்கிறது. அது தெரிய வந்தபோது ஆறு வாரம் மிச்சம். ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினாலும், ஆணைக்குழுவுக்கு எழுதினாலும், முகாமையாளர் "கொஞ்சம் பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சிரித்தாலும் இந்த மணிக்கூடு நிற்பதாக நினைக்காதீர்கள். மறுப்புக் கடிதம் வந்த அன்றே இந்த ஒரு வரிக்காகப் பத்திரத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்கலாம்.

இதுவரை சொன்னது நம் நட்டத்துக்கு நாம் கேட்பது. வேறொருவர் நம்மிடம் நட்டஈடு கேட்டு வந்தால் தேர்வுகள் வேறு. அறுகம்குடாவில் விடுதி நடத்தும் ஓர் அக்காவுக்கு நடந்தது இது. மாடிப்படியின் மரப்பலகை உடைந்து ஒரு வெளிநாட்டுப் பெண் விழுந்து கால் முறிந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்து, "எங்கள் பிழைதான், எல்லாச் செலவையும் நாங்கள் தருவோம்" என்று வட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். மனிதத் தன்மை உள்ள யாரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் அவருடைய பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தில், கம்பனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று இருந்தது. இது அநேகமாக எல்லாப் பொறுப்புக் காப்புறுதியிலும் இருக்கும். கம்பனி அதைப் பிடித்துக்கொண்டது.

அவர் முன்னால் மூன்று வழி. தானே கொடுத்து முடிப்பது, வேகமானது, மனதுக்கும் நிம்மதி. ஆனால் கால் சரியாகாமல் கோரிக்கை பெருத்தால் எல்லாம் தன் தலையில். கம்பனியோடு மல்லுக்கட்டுவது, அதுவரை அந்தப் பெண் காத்திருக்க வேண்டும். வழக்கு வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று விடுவது. கவனக்குறைவு வழக்குப் போட 2 வருடம் இருப்பதால் அந்தக் கத்தி அவ்வளவு காலமும் தலைக்கு மேலே. அவர் இரண்டாவதையும் முதலாவதையும் சேர்த்துச் செய்தார். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே கொடுத்தார். சட்டத்தரணி கம்பனிக்கு எழுதினார்: பலகை உளுத்திருந்ததைப் படங்களே காட்டுகின்றன, வட்ஸ்அப் செய்தி இல்லாவிட்டாலும் பொறுப்பு இருந்தே இருக்கும், ஆகவே அந்தச் செய்தியால் உங்களுக்கு என்ன பாதகம் வந்தது? நாலு மாதப் பேச்சுக்குப் பிறகு கம்பனி பாதியை ஏற்றது. முழுதும் வந்திருக்க வேண்டிய பணம். விழுந்தவரைத் தூக்குங்கள், வைத்தியம் பாருங்கள், செலவும் கொடுங்கள். "யார் பிழை" என்பதை மட்டும் எழுதாதீர்கள், அன்றே கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

விழுந்தது விருந்தினர் அல்ல, வேலையாள் என்றால் பொதுப் பொறுப்புக் காப்புறுதி உதவாது, வேலையாட்களை அது வழமையாக விலக்கிவைக்கும். அது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணையாளரிடம் போகும். அங்கே முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின்போது, வேலையால் நேர்ந்த விபத்து என்றால் போதும். விருந்தினர் என்றால் நம் உரோம-டச்சுச் சட்டப்படி கவனக்குறைவை அவர் நிரூபிக்க வேண்டும். ஆகவே ஆலை வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, இரண்டில் ஒன்றுக்குத்தான் கட்டுப்பணம் கட்ட முடியும் என்றால் வேலையாட்களுக்கானதைக் கட்டுங்கள். இயந்திரப் பட்டியில் விரலை விடுகிறவர்கள் அவர்கள்தான். கடைக்காரர்களுக்கு இன்னொன்று: கலவரச் சேதம் சாதாரணத் தீக்காப்புறுதியில் அடங்காது, தனியே சேர்க்க வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கடைகள் உடைபட்டதை நாம் பார்த்தோம்.

கடைசியாக ஒரு தாள். கம்பனி பணம் தரும்போது ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்கும், முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகு மேலே சொன்ன எந்தக் கதவும் திறப்பது கஷ்டம். கைக்காசு இல்லாமல் தவிக்கும்போது மறுக்கவும் முடியாது, அது எனக்குத் தெரியும். அப்போது தகராறு இல்லாத தொகையை என் உரிமைக்குப் பங்கமின்றி முற்பணமாகத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சில கம்பனிகள் தருகின்றன. மச்சானுக்கு அப்படிக் கேட்டு ஐந்து இலட்சம் முதலில் வந்தது, அதில்தான் சித்திரை வருடப் பிறப்புக்குச் சரக்கு எடுத்தார்.

இப்போது அவருடைய களஞ்சியத்தில் கீழ்த்தட்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. காப்புறுதித் தொகையை ஒரு கோடியே அறுபதுக்கு ஏற்றியிருக்கிறார். நெசவாளர்களின் கொப்பிகளை மாதக் கடைசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். ஆலைக்காரரின் வழக்குக்கு அடுத்த தவணை வருகிறது, மின்சாரப் பொறியியலாளர் சாட்சி சொல்ல வேண்டும், அவரைக் கூட்டிப் போகிற வேலை என்னுடையது.